நூற்றி எழுபத்து மூன்று

போன வருசம் நூற்றி நாற்பத்தொன்பது.
இந்த வருசம் நூற்றி எழுபத்து மூன்று.
நடுவில் என்ன ஆயிற்று என்று முதல்வர் கேட்டார்.
கெடிலத்தில் தண்ணீர் வந்தது சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

படிவத்தை நிரப்பியவன் நான்தான்.
வேதியியல் துறை, பதினெட்டு வருசம்,
முனைவர் பட்டம் உண்டு, காப்புரிமை இல்லை.
கடைசித் தேதிக்கு முந்தின இரவு
கரண்ட் போய்ப் போய் வர
யூபிஎஸ் கூவக் கூவ
கட்டம் கட்டமாக எங்களை ஊற்றினேன்.

ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை.
அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்.
வேலைக்குப் போனவர்களின் நடுச் சம்பளம்.
வெளிமாநில மாணவர் எத்தனை சதவீதம்.
புதுச்சேரி வெளிமாநிலம்தானே சார் என்றார்
நூலகத்து அருட்ஜோதி.
பாகூரிலிருந்து சைக்கிளில் வரும் நான்கு பேரால்
அரைப் புள்ளி கூடியது.

பிறகு, பொதுக்கருத்து.
அதற்கு மட்டும் பத்து மதிப்பெண்.
டெல்லியிலோ பெங்களூரிலோ ஒருவர்
எங்களைக் கேள்விப்பட்டதில்லை என்று சொல்வதற்கு.
கிடைத்தது சைபர் புள்ளி சைபர் நான்கு.
அந்த நாலை யார் போட்டிருப்பார் என்று
ஒரு டீ ஆறும் வரை யோசித்தோம்.
பழைய மாணவராக இருக்கும்.
இல்லையென்றால் கை தவறியிருக்கும்.

வெள்ளம் வடிந்தும் வராமல் போன பெண்ணைத் தேடி
நசீமா மேடம் குண்டு உப்பலவாடிக்கு
மூன்று நாள் ஸ்கூட்டியில் போய்வந்தார்.
அதற்குக் கட்டம் இல்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம்.
மேடையில் சொன்னால் கைதட்டும் விழும்.
ஆனால் எங்கள் நூலகத்தில்
பௌதிக வேதியியல் புத்தகம்
நான் படித்த காலத்துப் பதிப்பு.
நாங்கள் சைபர் வாங்கிய சில இடங்களில்
சைபர்தான் சரியான விடை.
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
என் மகனுக்கு நான்
இரண்டு இலக்கத்துக்குள்தான் தேடினேன்.

மே மாதம், சேர்க்கை மேசை.
தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சி
மகளோடு வந்து நின்றாள்.
கையில் நெட் சென்டரில் எடுத்த பட்டியல்,
ஏழு பக்கம், ஈரம் பட்ட ஓரம்.

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் புடிச்சான் சார்.
கார்ல கூட்டிட்டுப் போயி
பிரியாணி வாங்கிக் குடுத்து
ஒரு காலேஜ் காட்டுனான். லிப்டு இருந்திச்சி.
ஊட்டுக்கு வந்து இதுல தேடுறோம், தேடுறோம்,
கடேசி வரைக்கும் அந்தப் பேரே இல்ல.
நீங்க நூத்தி எழுவத்தி மூணுலயாவது கீறீங்க."

இந்தப் பட்டியலே சரியில்லைம்மா என்று
பதினெட்டு வருச நியாயத்தை எடுத்து விரித்தேன்.
சரி சரி என்று கேட்டாள்.

"கல்லு கொஞ்சம் கொறையும்னு எனக்கும் தெரியும்.
நானும் மீன் விக்கிறவதான்.
கல்லே வைக்காதவன்கிட்ட
எப்படி சார் வாங்குறது?"

பதில் வரவில்லை எனக்கு.
நூற்றி எழுபத்திரண்டாம் இடத்துக் கல்லூரி
எந்த ஊரில் இருக்கிறது?
அங்கேயும் ஒருவன் இப்போது
இதே கேள்வியின் முன்னால் விழித்துக்கொண்டிருப்பானோ?

லேப்பைக் காட்டுங்க என்றாள்.

மகள் நேராகப் போய்
மூலையில் இருந்த கருவியின் உறையைத் தூக்கினாள்.
"இது ஓடுமா சார்?"
ஓடாது என்றேன்.
கருவிகளின் எண்ணிக்கையில்
அதையும் சேர்த்திருந்ததைச் சொல்லவில்லை.

அஞ்சலாட்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுப்போன கோடு.
அதில் கை வைத்து,
பிறகு கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி,
"எங்க ஊட்டுல
இதுக்கு மேல ஒரு சாண்" என்றாள்.