மட்டம்

பதினாறு ஊசி.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் ஆழம்.
தகட்டைத் தோலோடு சேர்த்துத் தைத்து
நூலை ஒருமுறை சுண்டிப் பார்த்தார் டொக்டர்.
பிறகு ஸ்கான். பிறகு என் கணக்கு.

திரையில் ஒரு பெரிய தேசிக்காயளவு சுரப்பியை
இரண்டு மணித்தியாலம் சுற்றிச் சுற்றி வந்தேன்.
நடுவே சிறுநீர் வழி, பின்னே மலக்குடல்;
இரண்டும் வேகாமல்
நோய் மட்டும் வேக வேண்டும்.
கம்பி நுனியில் குறுநொய் போல இரிடியம்,
அது எந்த ஊசியில், எங்கே, எத்தனை விநாடி தரிக்கும்
என்பதன் கீழே என் கையெழுத்து.
வீட்டில் கேட்டால்
"ஆசுபத்திரியில கணக்கெழுதுறா" என்பார்கள்.
பிழையில்லை.

அந்த நேரம் முழுக்க ஆதம்பாவா
புரளாமல் கிடந்தார்.
நிந்தவூர். அறுபத்தாறு. மேசன்.
இடுப்புக்குக் கீழே அவருக்கு அவர் இல்லை.
கண் மட்டும் கூரைத் தகடுகளை
வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தது.

சிகிச்சை அறைக்குப் போகும் வழியில்
பழைய கட்டடத்தோடு புதியது முட்டுமிடத்தில்
ஒரு விளிம்பு.
சாமித்தம்பி றொலியை மெதுவாய்த்தான் தள்ளினான்.
டக்.
எனக்கு அது பல்லில் கேட்டது.
அவருக்கு வேறெங்கோ.
"மட்டம் பாக்காம ஒட்டிரிக்கானுகள் புள்ள.
அரை இஞ்சி. கூடவும் வரும்."

மட்டக்களப்பு என்று பேர் வைத்த ஊர்.
யன்னலுக்கு அப்பால்
களப்பு தன் பேருக்குக் குறை வைக்காமல் கிடந்தது.

சரிபார்க்கும் படத்தில்
ஊசிகள் நான்கு மில்லிமீற்றர் காலை நோக்கி இறங்கியிருந்தன.
சாரத்தின் கரையில் ஒரு கோடு, அவ்வளவுதான் நான்கு மில்லிமீற்றர்.
இங்கே அது
மேல் மூலையை நோய்க்கே விட்டுவிடும்;
கீழே, ஒரு குற்றமும் செய்யாத இடத்தில்,
ஆயுளுக்கும் எரிவு வைக்கும்.

விளிம்பா, வீக்கமா,
இருமலா, நூலின் தளர்வா?
படம் அளவு சொல்லும்.
காரணம் கேட்டால் கறுப்பு வெள்ளையாய்ப் பார்க்கும்.

டொக்டர் ஒவ்வொன்றாய் உள்ளே தள்ள
நான் எண் சொன்னேன்.
ஏழாவது அடங்கவில்லை.
அதற்காக முழுக் கணக்கையும் திரும்பப் போட்டேன்.
கதவு மூடிப் பன்னிரண்டு நிமிடம்.
கமராவில் அவர் உதடு அசைந்தது;
ஓதினாரோ, தகடு எண்ணினாரோ.

மூன்று கிழமை கழித்து இரண்டாம் முறை வந்தவரின் பையில்
இரண்டு சாரம், பற்பசை, ஒரு மேசன்கரண்டி, ரசமட்டம்.
கரண்டியை சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டா.
எழுதிக் கொடுத்தால் வேலைப்பகுதி வந்து பார்க்கும் என்றது நிர்வாகம்.
கொடுத்தேன்.
இன்னும் வரவில்லை.

சாமித்தம்பி பழைய றப்பர் விரிப்பொன்றை
மடித்து விளிம்பில் போட்டான்.
படுத்தபடியே அவர் சொன்னார்:
"இடப்பக்கம் இன்னொரு மடிப்பு."

சத்தமில்லாமல் ஏறி இறங்கியது சில்லு.
படத்தில் ஒன்றரை மில்லிமீற்றர்.

ஒன்றரை.
அதை எந்தக் கட்டடத்தின் கணக்கில் எழுதுவது?
மூச்சு விடுகிற ஆள்.
தள்ளினோம்.