வழுவமைதி

ஜாலான் ஈப்போ, கடைவீட்டின் மூன்றாம் மாடி.
கீழே டயர் கடை.
கம்ப்ரசர் மூச்சு வாங்கும்போதெல்லாம்
என் ஹெட்போனில் ரோபோவுக்கும் மூச்சு வருகிறது.

வெள்ளிக்குள் முடிக்க வேண்டிய படம்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வசனம்.
வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து, இரண்டே வரி,
மீறினால் திரை சிவக்கும்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
ரோபோ துணி மடிக்கிறது.
நாற்பதாம் நிமிடம் வரை கவலையில்லை:
அது மடித்தது, அடுக்கியது, பழுதானது.
நாற்பத்தொன்றில்
செத்துப்போன யாரோ ஒருவரின் சட்டைப் பையில்
பஸ் டிக்கெட் ஒன்று கிடைக்கிறது.
குப்பையில் போடாமல்
அதைக் கையில் வைத்துக்கொண்டு
பதினொரு விநாடி.
பிறகு செவிலி எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்,
ஆங்கிலத்தில் இரண்டே சொல், எழுவாய் கிடையாது.

இன்னும் நிற்கிறதா?
நிற்கிறானா?
நிற்கிறாரா?

'இன்னும் அங்கேயா' என்று நழுவலாம்.
அடுத்த வசனத்தில் மாட்டிக்கொள்வேன்.

பக்கத்து மேசை நோர்ஹிடாயாவுக்கு ஓர் எழுத்து வேலை.
'இயா' என்றால் பொருள்,
முன்னால் ஒரு 'ட' ஒட்டினால் 'டியா', ஆள்.
ஒட்டிவிட்டு கோரேங் பீசாங் வாங்கப் போய்விட்டாள்.
மெய் கிட் சொல்கிறாள், எங்களுக்கு வாயில் இரண்டும் ஒன்றுதான்,
எழுதும்போதுதான் எழுத்தின் ஓரத்தில்
ஒரு மனிதன் வந்து நிற்பான்.
எனக்கோ
வினைச்சொல் ஒவ்வொன்றின் வாலிலும்
தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது.

அருள்நேசன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அனுப்பினார்:
குழப்ப வேண்டாம், கடைசிவரை 'அது' போடுங்கள்.

அதுவும் சரிதான். வீட்டில் பாப்பா தூங்குது.
அக்கா தன் புருஷனைச் சண்டையில் அது என்பாள்,
சமாதானமான பிறகும் அதுதான், குரல் மட்டும் வேறு.
தமிழ்ப்பள்ளியில் இதற்குப் பெயர் படித்திருக்கிறேன், வழுவமைதி:
தப்புதான், போகட்டும், என்பது.

இரவு பத்து நாற்பது. மழை.
கார் நிறுத்துமிடத்தின் வாசலில்
காலையில் இல்லாத ஒரு கம்பி, சிவப்பும் வெள்ளையும்.
டயர் கடைக் கலையரசு ஷட்டரை இறக்கிக்கொண்டே கத்தினான்:
கார்டு காட்டுங்கக்கா, அவன் அப்பதான் தூக்குவான்!
எவன்?
இவன்தான். இன்னிக்குத்தான் மாட்டுனாங்க.
கொஞ்சம் கோவக்காரன், மெதுவாப் போங்க.

கார்டு காட்டினேன். தூக்கினான்.

அப்புறந்தான் கேட்கத் தோன்றியது,
கண்ணாடியை இறக்கி, பாதி மழை மடியில் விழ:
கேட் திறக்குற பங்களா எங்கே?
அதுவா? அது போயிருச்சுக்கா.
பெர்மிட்டு முடிஞ்சிருச்சு.

பிளாஸ்டிக் நாற்காலி அங்கேயே கிடந்தது,
உட்காரும் குழியில் தண்ணீர் நிறைந்து.

வியாழன் காலை நாற்பத்தொன்றாம் நிமிடத்தில்
'நிற்கிறாரா?' என்று போட்டேன்.
திரை சிவக்கவில்லை.
அருள்நேசன் கூப்பிடுவார், கூப்பிடட்டும்.

பிறகு பெயர் கேட்கக் கீழே போனேன்.
கலையரசுக்குத் தெரியவில்லை.
மூன்று வருஷம் இங்கே தேநீர் குடிச்சிருக்குக்கா, என்றான்,
கேட்டதில்லை.
டயர்களுக்குப் பின்னாலிருந்து
காவல் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தந்தான்,
எண்ணெய் விரல் பதிந்த நீல அட்டை.

அதில் அவர் பெயர் எங்கும் இல்லை.
என் பெயரும் இல்லை.
இரவுக்கொரு வரியாக, கோணல் எழுத்தில், மலாயில்:
மூன்றாம் மாடி. டியா பாலேக். பத்து நாற்பது.
மூன்றாம் மாடி. டியா பாலேக். பதினொன்று ஐந்து, மழை.
பக்கம் பக்கமாக நான் வீடு திரும்பியிருக்கிறேன்.

அவசரத்தில் எழுதிய இரவுகளிலும்
டியாவின் முதல் எழுத்தை
ஒருமுறைகூட விடாமல் எழுதியிருக்கிறார்.