ஐம்பது நிமிடம்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு
நேர்கோட்டில் இருநூற்று முப்பத்தேழு கிலோமீற்றர்.
பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம்.
ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் இதைச் சொல்கிறேன்,
டொக்யாட் வீதியில், மின்விசிறிக்குக் கீழே,
இதுவரை பிளேனில் ஏறாத நான்.

என் வீடு மூதூரில்.
கொட்டியாரக்குடாவைக் கடக்க லோஞ்சுக்கு ஒரு மணித்தியாலம்.
அதாவது கொழும்பு எனக்கு
என் வீட்டைவிடப் பத்து நிமிடம் கிட்ட.
முதலாளி இந்தக் கணக்குக்குச் சிரிக்கவில்லை.

ஜெனிற்றா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பாலையூற்றுக்காரி. கையில் ஒரு கோப்பு,
அதற்குள் கல்யாணப் படங்கள் இருபத்து நான்கு,
ஒவ்வொன்றின் முதுகிலும் திகதி, இடம்,
நிற்பவர்களின் உறவுமுறை.
புருஷன் புருஷன்தான் என்பதற்கு அத்தாட்சி.
போன தடவை இரவு மெயிலில் போனாளாம்.
கல்லோயாவுக்கு இப்பால் யானை அடிபட்டு
ரெயில் நாலரை மணித்தியாலம் காட்டுக்குள் நின்றது.
இறங்கிப் பார்த்தவர்கள் திரும்பி வந்து
யாரோடும் பேசவில்லையாம்.
பத்து மணி நேர்முகத்துக்கு
அவள் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டேகாலுக்கு.
அடுத்த திகதி கிடைக்கப் பதினொரு மாதம்.

"ஐம்பது நிமிசம் எண்டா ஐம்பது நிமிசம்தானே?"

ஓம் என்றேன்.
பிறகு மனம் கேட்கவில்லை.
சீனன்குடாவுக்கு ஓட்டோவில் இருபது,
ஒரு மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும்,
இறங்குவது இரத்மலானையில்,
காலி வீதி நெரிசலுக்கு என்னிடம் அட்டவணை இல்லை,
ஓடுபாதையில் மான் படுத்திருந்தால்
துரத்தும்வரை பொறுக்க வேண்டும்.
எல்லாவற்றையும் கோப்பின் மூலையில் எழுதிக் கூட்டினாள்.
கீழே ஒரு கோடு போட்டாள்.
விடையை எனக்குக் காட்டவில்லை.

எடை கேட்டேன். சின்னப் பிளேன், கேட்டே ஆக வேண்டும்.
"என்ரையோ, பையோட சேர்த்தோ?"
சேர்த்து.
"அம்பத்தி மூண்டு."
அடகுக்கடை ரசீதில் சுற்றியிருந்த காசை
இரண்டு தரம் எண்ணி வைத்தாள்.
ரசீதை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. ஏழு மணி லோஞ்ச்.
மாவலித் தண்ணீர் மண்ணிறமாய்க் கடலுக்குள் நுழையும் இடத்தில்
சுழலியில் வலை சிக்கி இயந்திரம் நின்றுவிட்டது.
ஓட்டுகிறவர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தார்.
அப்போதுதான் அது சீனன்குடாவிலிருந்து எழும்பியது,
வெள்ளையாய், வண்டின் இரைச்சலோடு,
குடாவை ஒருமுறை வளைத்து மேற்கே திரும்பியது.
மணி பார்த்தேன். ஏழு இருபது.
பக்கத்து ஆள் கோழிக்கூடையை
ஒரு மடியிலிருந்து மறு மடிக்கு மாற்றினார்.

எட்டு மணி கழிந்து ஒன்பதாவது நிமிடம்
ஃபோன் அதிர்ந்தது.
"இறங்கிட்டன். நாப்பத்தெட்டு நிமிசம்.
நீங்க சொன்னதில ரெண்டு மிச்சம்."

நாங்கள் இன்னும் அதே இடத்தில்.
இரண்டு கரையும் தெரிகிறது.
அந்த இரண்டை என்ன செய்வதென்று
அவள் எழுதவில்லை, எனக்கும் தெரியவில்லை.
தண்ணீருக்கடியில் கத்தி வலையை அறுப்பது
பலகை வழியாக
என் உள்ளங்காலில் கேட்டது.