மாங்கொட்டைக் கணக்கு

ஜூன் மாதம் ஓல்ட்டன் தமிழ்க்கடையில்
பாகிஸ்தான் மாம்பழம் வந்து இறங்கும்,
ஒவ்வொன்றும் உருதுப் பத்திரிகைக்குள் சுருண்டபடி.
மூன்றை எடுத்து
மேல்வீட்டு ஃப்ராவ் ஏபிஷருக்குக் கொடுத்தேன்.
கன்னத்தை எப்படி அரிவது,
கொட்டையை ஏன் சும்மா விடக்கூடாது,
எல்லாம் கையாலே காட்டினேன்.
நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு. மழை.
இரண்டு நாளாய் மேலே குரைப்பில்லை;
அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
ப்ளெஸ் தின்னுகிறானில்லை,
தண்ணீரும் வயிற்றில் தங்குகிறதில்லை என்று
வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் தட்டினா.
என்னிடம் கார் இருந்தது.

மிருக வைத்தியசாலையில்
வெளிச்சப் பலகையிலே விலா எலும்புகள்,
மீன்முள் மாதிரி ஒழுங்காய்.
அதற்குக் கீழே, குடல் மடிப்புக்குள்,
மங்கலாய் ஒரு நீள்வட்டம்.
டாக்டர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தா.
நான் கண்டுவிட்டேன்.
எத்தனை சூப்பியிருப்பேன்,
அந்த விளிம்பு எனக்குத் தெரியாதா?
மாங்கொட்டை என்று
முதலில் தமிழில்தான் வந்தது வாயில்.

வயிற்றைத் திறந்து எடுத்தார்கள்.
இரண்டாயிரத்து எண்ணூறு பிராங்.
பாதி நான் தருகிறேன் என்றேன்.
வேண்டாம் என்பா,
நான் வற்புறுத்துவேன்,
வேண்டவே வேண்டாம் என்பா.
இப்படித்தானே எங்கள் பக்கம்.
"நல்லது" என்றா.
கைப்பையிலிருந்து பேனா எடுத்தா.
மாதம் நூற்றி நாற்பது, பத்து மாதம்.

முதலாம் திகதி தோறும்
உறையோடு மேலே ஏறுகிறேன்.
முதல் மாதம் உறை மட்டும்தான்,
கோபம் இருந்தது.
பிறகு ஒரு சின்னக் கிண்ணமும்.
பழத்தில் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னவ,
தோலும் கொட்டையும்தான் எதிரி,
அதுவும் நாலு துண்டுக்கு மேல் வேண்டாம்.
நகத்தளவாய் அரிந்து கொண்டுபோவேன்.
பப்பாசி என்றால்
கறுத்த விதை ஒன்றுவிடாமல் வழித்து.
அன்னாசியின் நடுத்தண்டு என் பங்கு.
ரம்புட்டான் வாங்கி,
உள்ளேயிருக்கும் உருண்டையைப் பார்த்துப் பயந்து
நானே முழுக்கத் தின்றேன்.
நட்சத்திரப்பழம் கொடுக்கலாமா என்று கேட்டதற்குத்
தொலைபேசியில் அந்தப் பெண் கத்தியே விட்டா,
சிறுநீரகம்! சிறுநீரகம்!
திராட்சையும் கூடாதாம் என்றேன் ஃப்ராவ் ஏபிஷரிடம்.
"அது எங்கள் பழம்.
எங்களுக்குத் தெரியும்."

அவவின் பூனையைப் பூஸி என்று கூப்பிடுவா.
பழந்தமிழில் பூனைக்குப் பூசை என்று பெயர் என்றேன்,
நம்பவில்லை.
பூசை மாம்பழத்தை மோந்து பார்க்கும்,
என்னைப் பார்க்கும்,
வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.
இனிப்பு என்ற ஒன்று
அதன் நாக்குக்கே எட்டாதாம்.
பாவமா, நிம்மதியா,
எனக்கு முடிவு வரவில்லை.

இப்போது ஜனவரி.
கடையில் பெருநாட்டு மாம்பழம்தான், மணமே இல்லை.
ப்ளெஸ்ஸுக்கு அது குறையில்லை,
வயிற்றுத் தழும்பில் மயிரும் முளைத்துவிட்டது.
இன்னும் மூன்று உறை இருக்கிறது.
நாலாவது மாதம்
என்ன சாட்டில் படியேறுவது?

மேலே போகுமுன்
குசினிக் கதவைச் சாத்துகிறேன்.
தொட்டிக்கு மேல் குனிந்து நின்று,
முழங்கை வரை வழிய வழியக்
கொட்டையைச் சூப்புகிறேன், நார் வெளுக்கும் மட்டும்.
வெளிக்கதவில் நகம் பிராண்டுகிறது.
எப்படித் தெரிந்ததோ, இறங்கி வந்துவிட்டான்.
பொறடா என்கிறேன்,
வாயிலிருந்து எடுக்காமலே.