நாற்பதாவது நிமிடம்

மூன்று பெட்டிகள்.
காலி வீதிக் கடையில் வெள்ளிவரை இரவல் கேட்டு
மிஃப்லால் கொண்டுவந்து மேசையில் வைத்தது.
"ஒண்டுதான் வாங்க ஏலும்.
விலையப் பாக்காம, காதக் கேட்டுச் சொல்லுங்க."

ஐந்து ஹேர்ட்ஸில் இருந்து நாற்பதாயிரம் வரை
என்கிறது ஒரு பெட்டி.
யானைக்கும் வௌவாலுக்கும் நடுவே
எனக்கு ஐம்பத்திரண்டு வயது,
இடக்காது கொஞ்சம் சோம்பல்.

சோதிக்க நான் பாட்டு எடுப்பதில்லை.
பாட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.
ஆளில்லாத அறை ஒரு நிமிடம்,
தவிலில் ஒற்றை அடி, பிறகு தோல் அடங்கும் நேரம்,
சீனிப் போத்தலுக்குள் கரண்டி,
கடைசியில் டெல்சி.

ஏழு வருடத்துக்கு முன்
காப்புறுதிக் கம்பனி ஒன்றின் தொலைபேசிக்காக
இதே அறையில் நான் பதிந்த குரல்:
'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
தயவுசெய்து இணைப்பில் இருங்கள்.'
ழகரம் வழுக்குகிறதா,
'செய்து'வில் சகரம் ஊசியாகிறதா,
அதிலேயே தெரிந்துவிடும்.

முதலாவது, வெல்வெட்.
தலையில் இருப்பதே மறந்து தேத்தண்ணி போட எழுந்தேன்,
வயர் இழுத்துப் பிடித்தது.
தவில் நெஞ்சுக்குள் விழுந்து புரண்டது,
சீனிப் போத்தல் அண்டாவாயிற்று,
டெல்சிக்குப் பத்து வயது கூடித்
தடிமனும் பிடித்திருந்தது.
இனிமையான பொய்.
காசு தருகிறவர்களுக்குப் போட்டுக்காட்ட நல்லது.

இரண்டாவது மூடிய வகை.
நாலு இருபது கோச்சி வெள்ளவத்தையைக் கடக்கையில்
மேசை நடுங்கிற்று, கோப்பை நடுங்கிற்று,
காதுக்குள் கோச்சி இல்லை.
ஆனால் என்ன பிடி!
ஐந்து மணி பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவே
தலையை மட்டும் கொடுத்து நிற்கிறமாதிரி.
மூக்குக்கண்ணாடியின் காம்பு
எலும்பில் எழுதிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வலைபோட்ட திறந்த வகை.
உள்ளதும் வெளியே போகும், வெளியதும் உள்ளே வரும்.
கொத்துக் கடைக்காரன் தகட்டைக் கழுவி வைத்து,
கடைசிக் கோச்சியும் போய்,
கடல் மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்தேன்.

ஆளில்லாத அறையில் மின்விசிறி இருந்தது தெரிந்தது.
தவிலின் தோலுக்குப் பிறகு
வாசித்தவரின் மோதிரம்.
டெல்சி, மேசைக்கு அந்தப்பக்கம், வெகு கிட்ட.

'முக்கியமானது'வுக்கும் 'தயவுசெய்து'வுக்கும் இடையில்
ஒரு மூச்சு.
மூச்சுகளை வெட்டுவதுதான் என் பிழைப்பு;
இது தப்பியிருக்கிறது.
உள்ளே போகும்போது இரண்டாக உடைந்து
மெல்ல ஒட்டிக்கொண்டு வெளியே வந்த மூச்சு.

திரும்பப் போட்டேன். திரும்பவும்.

அன்று பதினெட்டுத் தடவை சொன்னாள்.
"தடிமன் அண்ணா" என்றாள்.
ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் மடியில் இருந்த போனைப் பார்த்தாள்.
அது மைக்கில் டிட்டிட் டிட்டிட் என்று விழுந்ததால்
"அதை நிப்பாட்டும் பிள்ளை" என்றேன்.
நிப்பாட்டினாள்.
பத்தொன்பதாவது சுத்தமாக வந்தது.

அதுதான் இது.

நாற்பதாவது நிமிடத்தில்
உச்சந்தலையில், மயிர் கொட்டிய இடத்தில்,
பட்டி அழுத்தத் தொடங்கியது.
கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மிஃப்லால் கேட்டான், "எது?"
"மூண்டாவது. ஆனா நோகும்."
"பஞ்ச மாத்தினா சரி வருமா?"
"வரும்" என்றேன்.

அவன் மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனபின்
கம்பனிக்கு போன் எடுத்தேன்.
இன்னும் அவள்தான்.
தகரக் குழாயில் ஊற்றியமாதிரி மெலிந்த குரல்,
அந்த இடத்தில் மூச்சு இல்லை,
ஒரு சின்ன வெறுமை, அவ்வளவுதான்.
ஆறு நிமிடம் இணைப்பில் இருந்தேன்.

பிறகு உயிருள்ள ஒரு குரல் வந்து
பொலிசி நம்பர் கேட்டது.
என்னிடம் இருக்கவில்லை.