ஓட்ஸ் டின்

தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு.
சவாரி இல்லை, சேணம் இல்லை.
நமக்கு முறுக்கென்றால் அவளுக்கு ஓட்ஸ் என்று
டின் வழிய அளந்து கொட்டியவன்
நான்தான்.

மூன்றாம் நாள் காலை
லாயக் கதவைத் தாண்டி நாலடி வைத்தாள் ஜுவலு.
ஐந்தாவது அடி வரவில்லை.
இடுப்பில் கை வைத்தேன்.
சதையில்லை, அம்மிக்கல்.
மழைக்குளிரில் அவள் வயிற்றிலிருந்து வியர்வை சொட்டியது.
பிறகு மூத்திரம்:
ஆ மெங் கடையின் கோப்பி ஓ,
பால் படாத அதே கறுப்பு.

இழுக்காதே, ஓரடியும் நடத்தாதே என்று
தாப்பாவிலிருந்து போனில் கத்தினார் டாக்டர் பரீடா.
நின்ற இடத்திலேயே நின்றோம்
பதினொரு மணிவரை.
ஈ ஓட்ட எனக்குக் கை இருந்தது.
அவளுக்கு வாலை அசைத்தாலும் வலி.

ஓட்ஸ் வேண்டாம், சோளம் வேண்டாம்,
வெல்லப்பாகின் வாசனைகூட வேண்டாம்.
மாவுச்சத்துதான் இவள் சதைக்குப் பூட்டு.
பின்னே எதைத் தின்று நடப்பாள், டாக்டர்?
"எண்ணெய்."
சிரித்துவிட்டேன்.
வெளியே கண் முட்டும் தூரம்வரை செம்பனை.
சிலிம் ரிவரில் எண்ணெய்க்கா பஞ்சம்!

இப்போது
உதிரிப்பழம் நிறுத்த பழைய தராசில்
உலர்புல் நிறுக்கிறேன்.
முக்கால் மணி நேரம் ஊறவைத்து
தேத்தண்ணி நிறத்தில் இறங்கும் சர்க்கரையைச்
சாக்கடைக்கு விடுகிறேன்.
இந்த வெயிலில் ஊறிய புல் மதியத்துக்குள் புளிக்கும்;
அதனால் கொஞ்சம் கொஞ்சமாய்.
எண்ணெய், முதல் வாரம் ஒரு கரண்டிதான்.
மேலுதட்டைச் சுருட்டி என்னைப் பார்த்தாள்,
கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல.

மண்டோர் இருளப்பன் வருவார்,
ரொட்டித்துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.
"ஒரு வாய்தானேடா?"
நானும் அப்படித்தான் நினைத்தேன் அண்ணே,
டின் கணக்கில்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார் டாக்டர்:
இவளுக்கு இனி லீவு கிடையாது.
சும்மா நின்ற நாளுக்கு மறுநாள்தான் சதை இறுகுமாம்.
ஆக, எனக்கும் இல்லை.
பெரட்டு இல்லாத ஞாயிற்றுக் காலையிலும்
மில் ரோட்டில் நாங்கள் இருவர்,
எதிரே எப்போதாவது ஒரு குலை லாரி.
பாதி திறந்த கடைக்குள்ளிருந்து
"பசியாறியாச்சா?" என்கிறார் ஆ மெங், தமிழில்,
என்னையல்ல, குதிரையை.

கழுவிக் கவிழ்த்த ஓட்ஸ் டின்
லாய வாசலில்தான் கிடக்கிறது.
அதை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுத்தான்
தினமும் நடக்க வருகிறாள்.
அதை மட்டும்
நான் தடுப்பதில்லை.