மீன் ஏறாத சட்டி

வெள்ளைக்காரின்னா மாட்டுக்கறின்னு
தக்கலையிலிருந்து ஒரு கிலோ வரவழைச்சிருந்தேன்.
முப்பந்தல் காத்தாடிக்கு வேலைக்கு வந்தவ,
டென்மார்க்காம், பேரு மெட்டே,
எனக்க மாடி அறையில ஆறு மாசம்,
சோத்துக்கும் சேர்த்து வாடகை.
இலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
"கறி வேண்டாம். காய்" என்னா.
யாரோ படிப்பிச்சு விட்ட மூணு சொல்லு.
எங்களுக்குக் குழம்பெல்லாம் கறிதான்.
அதனால அன்னைக்கு
வெறுஞ்சோறும் பயறும் தின்னா பாவம்.

மறுநாள் அவியல் வச்சேன்.
நெத்திலி போடாம என்ன அவியல்?
ஒவ்வொண்ணா எடுத்து இலையோரம் வரிசை வச்சா.
பதினேழு.
அத்தனை கண்ணும் என்னையே பார்க்குது.

பிறகாக்கும் கண்டேன்
அடுக்களை முழுக்க கடலு கெடக்குன்னு.
துவையலுக்குள்ள கூனி.
அரிவாமணையில சாளைச் செதிள்.
மரச்சீனி அவிக்கிற பானைக்கும் ஒரு வாடை.
இருபத்தாறு வருசம் சமைச்சவளுக்கு
அது வாடைன்னே தெரியாது.
அவளுக்குத் தெரிஞ்சுது. சொல்லல்ல.
மோரும் சோறுமா மெலிஞ்சா.

"காசு தந்தாச்சு,
தின்னா தின்னட்டும், இல்லாட்டி போட்டும்"னு
வீட்டுக்காரவிய செய்திக்குச் சத்தம் கூட்டினாவ.

அன்னு ராத்திரி சலாலாவிலிருந்து ஷிபின்.
என்ன தின்ன மக்களே?
குப்பூஸ், பருப்பு.
நேத்து?
குப்பூஸ், பருப்பு.
இறைச்சி உண்டும்மா, வாயில வைக்கப் பிடிக்கல்ல,
இங்க வந்து நான் சாமியாராயிட்டேன்னு சிரிச்சான்.
மீன்முள்ளைச் சவைச்சுத் துப்புற பய.
எனக்குச் சிரிப்பு வரல்ல.

விடிஞ்சதும் வடசேரிச் சந்தைக்கு பஸ்ஸேறினேன்.
சட்டி ஒண்ணு, அகப்பை ஒண்ணு, கத்தி ஒண்ணு.
தட்டித் தட்டிப் பார்த்ததில சட்டிக்காரிக்குக் கோவம்.
கஞ்சித்தண்ணி ஊத்தி மூணு நாள் பழக்கி
முதல்ல வச்சது உள்ளித்தீயல்.
தேங்காய் கருக்கக் கருக்க வறுத்தேன்.
எட்டிப் பார்த்து
போனுல என்னமோ தட்டினா, போன் தமிழ் பேசிச்சு:
"எரிந்து விட்டதா?"
தின்னுபோட்டு விரலைச் சூப்பினா.

சக்கக்குருவும் மாங்காயும் ஒரு நாள்.
கத்திரிக்காயை நெடுக்க அரிஞ்சு
மீனுக்கு அரைக்கிற அரைப்பிலயே ஒரு நாள்.
வீட்டுக்காரவிய ரெண்டு வாய்க்குப் பிறகும்
முள்ளு தேடுனாவ.

ஒரு ஞாயிறு, நான் கோயிலுக்குப் போய் வாறதுக்குள்ள
அவ சமைச்சு வச்சிருந்தா.
அவிச்ச உருளைக்கிழங்கு, வெண்ணெய்,
மேல இடிச்சுத் தூவின சதகுப்பை.
அவளுக்க ஊர்ல பச்சைத் தழையா கிடைக்குமாம்.
இங்க நாட்டு மருந்துக்கடையில விதையாக் கண்டிருக்கா.
உள்ளங்கையில வச்சு வச்சு மணத்தா.
"பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குறதாக்கும் இது"ன்னு
இவிய கையைக் கழுவியாச்சு.
உப்பு போதாதுன்னு நானும் சொல்லிப்போட்டேன்.
"எங்கள் வீட்டில் இவ்வளவுதான்" என்றது போன்.
அவ முகம் அதைவிடச் சுருக்கமாச் சொல்லிச்சு.
நான் இன்னும் ரெண்டு கிழங்கு வாங்கினேன்.
நாரத்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கிட்டுத்தான்.

நேத்து மணக்குடி பிலோமினாள் கூடையை இறக்கி
"என்னக்கா, மாடியில ஐயமாரு குடியிருக்காவளா,
கூப்பிடவே மாட்டேங்கியே?"
சாளை இருபது ரூவா குறைச்சா.
பழைய சட்டி, பின்பக்கத்து அடுப்பு, கதவை இழுத்துச் சாத்தி
பொரிச்சேன்.

சாயங்காலம் இறங்கி வந்தா,
கையெல்லாம் கிரீசு, தலையெல்லாம் ஆரல் காத்து.
எண்பது மீட்டர் உயரத்துக்கு வந்துச்சாம் மணம்.
யாருக்க வீடுன்னு அங்கயே தெரிஞ்சுதாம்.
பொறுத்துக்க மக்களேன்னேன்.
எதுக்குன்னு கேட்டா.
தின்னத்தான் மாட்டாளாம்,
மணக்கதுக்கு என்னவாம்.
செம்புத் தண்ணியை அண்ணாந்து குடிச்சுபோட்டு,
போனு இல்லாம, அவளுக்க வாயாலயே,
"எரிஞ்ச குழம்பு
மிச்சம் உண்டா?"